வால்வுப் பட்டறை லிமிடெட் ஆன கதை

கம்பெனி பதிவு செய்து தருகிறவனிடம் வருகிற யாரும் 'எனக்குக் கம்பெனி வேண்டுமா?' என்று கேட்பதில்லை. 'பெயர்ப்பலகையை என்றைக்கு மாட்டலாம்?' என்றுதான் கேட்பார்கள். கல்கத்தாவில், பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நான் இந்தத் தொழிலைச் செய்து வருகிறேன். தனி ஆளாகவே இருந்துவிடலாமா, கூட்டாளி சேர்க்கலாமா, பிரைவேட் லிமிடெட் ஆகிவிடலாமா என்று குழம்பிக் கிடந்தவர் நீங்களும் என்றால், நாம் உறவுக்காரர்கள்தான். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் அவதிப்பட்டீர்கள். நான் இந்தப் பக்கம்.

கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானவை என் கண்முன் நடந்தவை. ஒன்றை மட்டும் நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன். ஒரு பட்டறை லிமிடெட் ஆவதா வேண்டாமா என்பதை ஒரு பட்டம் தீர்மானித்தது என்கிறது அது. காகிதப் பட்டம்தான், வானத்தில் பறப்பது. சொன்னவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் பல வருடங்களாக நான் அதை நம்பவில்லை. நம்பாததற்கு என் கர்வமும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களைச் சம்மதிக்க வைத்தது என் ஆலோசனைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன் வேறு எதை நினைத்துக்கொள்ள முடியும்?

எதிர்வாசல்

கார்டன் ரீச்சில், கப்பல்களின் வால்வுகளைக் கழற்றி எடுத்து வந்து பழுது பார்க்கும் ஒரு பட்டறை. கூட்டாளிகள் இரண்டு பேர். சிவராமன் திருநெல்வேலிக்காரர், கப்பல் வேலை கற்றுக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்து தங்கிவிட்டவர். பிமல்தா அவரைவிட மூத்தவர் (வங்காளத்தில் அண்ணனை 'தாதா' என்பார்கள், பெயரோடு சேரும்போது 'தா'). அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். பட்டறை நிற்கிற இடம் பிமல்தாவின் குடும்பத்துடையது. வேலை பிடித்துக்கொண்டு வருவது சிவராமன். எழுத்தில் ஒன்றும் இல்லாமலே அந்தக் கூட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

சிவராமன் என்னைத் தேடி வந்தது பயத்தினால். அப்போதுதான் அவரும் மனைவியும் லேக் கார்டன்ஸில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். இவர் பட்டறையில் சரி செய்த வால்வு நடுக்கடலில் கைவிட்டு, கப்பல்காரன் நஷ்டஈடு கேட்டான் என்றால், கூட்டு வியாபாரத்தில் அது கூட்டாளியின் வீடு வரைக்கும் வரும். லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனியின் சொத்தோடு நின்றுவிடும். நான் பட்டறைக்கே போய், பிமல்தாவிடம் இதை வங்காள மொழியில் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் மண்குவளையில் இருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்துப்போய் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். மூடிக் கிடந்த ஒரு பெரிய மில். வாசல் கம்பிகளுக்குள் செடி முளைத்திருந்தது. துருப்பிடித்த பலகையில் பெயரெல்லாம் உதிர்ந்துபோய் கடைசிச் சொல் மட்டும் மிச்சமிருந்தது: லிமிடெட். பிமல்தாவின் அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனபோது வாசலில் பூட்டு. அதன்பிறகு அது திறக்கவேயில்லை. பட்டறையில் வேலை செய்கிற பாதிப் பேரின் அப்பாக்களும் அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்கள்தான்.

"சேகர் பாபு, இந்தத் தெருவில லிமிடெட்னு எழுதின ஒவ்வொரு கதவிலயும் பூட்டு தொங்குது. எழுதாம இருக்கிறது எங்க கதவு ஒண்ணுதான். அது திறந்திருக்கு, பாருங்க."

மாப்பிள்ளை டைரக்டர்

இதற்கு நடுவில் நேர் எதிரான ஆசாமி ஒருவரும் வந்தார். மத்திய அரசு வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வு பெற்று, லேக் கார்டன்ஸில் வீடு கட்டிக்கொண்ட தமிழர். அவருடைய மகன் வீட்டின் கார் ஷெட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். உதிரி பாகங்களை வாங்கி வந்து, பூட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பான். நல்ல பையன், நல்ல வருமானம். அவனுக்குக் கம்பெனி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தனி ஆளாகவே செய்யட்டுமே, வருடா வருடம் கணக்குத் தணிக்கை, கூட்டம், தாக்கல் என்று ஏன் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும் என்றேன்.

பெரியவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மெட்ராஸில் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார், 'பையன் என்ன செய்கிறார்?' என்று கேட்கிறார்கள். 'கார் ஷெட்டில் பூட்டுகிறான்' என்று எப்படிச் சொல்வது? கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே 'மேனேஜிங் டைரக்டர்' என்று அடிக்க வேண்டும். அதற்கு ஒரு கம்பெனி வேண்டும். கம்பெனி ஆரம்பிப்பது சுலபம், அதைச் சட்டப்படி மூடுவதற்குள் ஆயுசு போய்விடும் என்று எச்சரித்தேன். அவர் முகம் வாடிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"கல்யாணம் ஆன மறு மாசமே மூடிடறதா இருந்தா, ஏதாவது சலுகை உண்டா சார்?"

ஏழு பேர்

பிமல்தா ஒத்துக்கொள்ளவில்லையே தவிர, கேட்க மாட்டேன் என்று சொல்லவுமில்லை. அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். லிமிடெட் ஆவதென்றால் எப்படி ஆவது என்று ஒரு நாள் அவரே கேட்டார். இரண்டு வழி உண்டு என்றேன். இருக்கிற கூட்டு வியாபாரத்தையே அப்படியே கம்பெனியாகப் பதிவு செய்யலாம். அன்றைய சட்டப்படி அதற்கு ஏழு பேராவது வேண்டும். இல்லையென்றால் இவர்கள் இருவருமாக ஒரு புதுக் கம்பெனியை ஆரம்பித்து, பட்டறையை அந்தக் கம்பெனிக்கு விற்றுவிடலாம். "என் பட்டறையை நானே எனக்கு விக்கிறதா? தரகு யாருக்கு, உங்களுக்கா?" என்று பிமல்தா சிரித்தார். அவருக்கு ஏழு பேர் யோசனைதான் பிடித்தது. லேத்தில் இருந்த நிமாயைக் கூப்பிட்டார். நிமாய் அங்கே மூத்த தொழிலாளி. அவன் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

நீங்களும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொண்டு கம்பெனியில் சேருங்கள், எல்லோரும் முதலாளி ஆகிவிடலாம் என்று பிமல்தா அவனிடம் விளக்கினார். எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. நிமாய் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தான், பிமல்தாவைப் பார்த்தான், சிவராமனைப் பார்த்தான். துர்கா பூஜைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. ஏழு பேர் யோசனை அவன் கேட்ட கேள்வியோடு முடிந்தது.

"தாதா, ஒரு சந்தேகம். முதலாளி ஆயிட்டா பூஜை போனஸை நான் வாங்கணுமா, கொடுக்கணுமா?"

பின்வாசல்

சிவராமனின் மனைவி ஜெயலக்ஷ்மி அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஃபிளாட்டில் அவருடைய சம்பளமும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். இலையில் ரசம் ஊற்றுகிற நேரத்தில், 'லிமிடெட்னா இந்த வீட்டை யாரும் தொட முடியாது, அப்படித்தானே அண்ணா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் தொழிலில் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு உடனே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. மனசு கேட்காமல் உண்மையையும் சொல்லித் தொலைத்தேன். கம்பெனிக்கு வங்கியில் கடன் வாங்கினால், வங்கி டைரக்டர்களிடம் சொந்த ஜாமீன் கேட்கும். கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று சிவராமன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால், வங்கியைப் பொறுத்தவரை லிமிடெட் என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

சிவராமன் என்னை முறைத்தார். இதை இப்போது சொல்ல வேண்டுமா என்பது அந்தப் பார்வை. நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த மதியம்தான் ஒரு முடிவும் வந்தது: வங்கிக் கடன் வாங்காமல், வேலை கொடுப்பவர்களிடம் முன்பணம் வாங்கியே பட்டறையை ஓட்டுவது, மெதுவாக வளர்ந்தால் போதும். அப்படியானால் மட்டுமே லிமிடெட் ஆவதில் பொருள் உண்டு. முடிவைச் சொல்ல வைத்தது ஜெயலக்ஷ்மியின் கேள்விதான்.

"கப்பல்காரன் முன்வாசல் வழியா வர முடியாதுங்கறீங்க. சரி. பேங்க்காரனுக்குப் பின்வாசலை நாங்களே திறந்து வெச்சு, கோலமும் போடணுமாக்கும்?"

இறக்க முடியாத பாரம்

பிமல்தா என் மாடிக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். சிவராமனுக்குச் சொல்லாமல், பஸ் ஏறித் தனியாக வந்தார். மழையில் குடை சொட்டச் சொட்ட நின்றுகொண்டே கேட்டார்: கம்பெனி ஆன பிறகு ஷிபு என்னை வெளியே அனுப்ப முடியுமா? (சிவராமன் அவருக்கு ஷிபுதான்.) முடியாதபடி எழுதலாம் என்றேன். பங்கு இருவருக்கும் சரிசமம். இருவரும் ஆயுள் முழுக்க டைரக்டர்கள். ஒருவரை ஒருவர் நீக்க முடியாது. பட்டறையை விற்பதோ மூடுவதோ, இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் நடக்காது. அப்படியென்றால் நான் அவனை அனுப்ப முடியுமா என்றார். அதுவும் முடியாது என்றேன். "இது கல்யாணத்தைவிட மோசமா இருக்கே, மஷாய்!" என்றார். (மஷாய் என்றால் 'ஐயா'.) முதல் தடவையாக உட்கார்ந்தார்.

எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அவருடைய பூட்டுக்கு என் எழுத்து ஒரு சாவி என்று தோன்றியது. இருவரும் ஒத்துக்கொண்டால் ஒழிய அந்தக் கதவை யாரும் சாத்த முடியாதே! அவரும் அதைப் புரிந்துகொண்டார். திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். போகும்போது படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். என் பெருமை அந்தப் படிக்கட்டிலேயே இறங்கிப் போய்விட்டது.

"எனக்கு இது சரிதான், சேகர் பாபு. ஆனா பட்டறைப் பசங்க முன்னாடி நின்னு 'நாமளும் லிமிடெட் ஆகறோம்'னு நான் எந்த வாயால சொல்றது? எங்க அப்பா கேட்டா செருப்பால அடிப்பார்."

போ-காட்டா

கல்கத்தாவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை. அன்று எந்தப் பட்டறையிலும் இயந்திரம் ஓடாது. லேத்துக்கு மாலை, வெல்டிங் மெஷினுக்குக் குங்குமம். ஆண்கள் எல்லோரும் மொட்டைமாடியில் நின்று பட்டம் விடுவார்கள். ஒருவர் பட்டத்தை இன்னொருவர் நூலால் அறுப்பதுதான் ஆட்டம். அறுந்து போனால் தெருவே 'போ-காட்டா!' என்று கத்தும். அந்த வருடப் பூஜையன்று நான் வேறு வாடிக்கையாளர்களின் பட்டறைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கார்டன் ரீச்சுக்குப் போக முடியவில்லை.

மறுநாள் சிவராமன் வந்தார். விரலில் பிளாஸ்திரி, முகம் முழுக்கச் சிரிப்பு. நடந்தது இதுதான் என்று அவர் சொன்னார். மாடியில் தொழிலாளிகள் எல்லோரும் இருக்கும்போது, யாரும் எதுவும் கேட்காமலே பிமல்தா உரக்கச் சொன்னாராம்: "ஷிபு, என் பட்டத்தை நீ அறுத்துட்டா உன் லிமிடெட்டுக்குக் கையெழுத்து போடறேன். நான் அறுத்துட்டா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது." எல்லோரும் கைதட்டினார்களாம். அந்த வட்டாரத்திலேயே பிமல்தாவின் பட்டத்தை அறுத்தவர் கிடையாது. சிவராமனோ கல்கத்தாவுக்கு வந்த பிறகுதான் பட்டம் விடவே பழகியவர். நூலும் நூலும் பின்னின. இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். பிமல்தாவின் பட்டம் அறுந்து ஆற்றுப் பக்கமாகப் போனது. நிமாய் தகர டின்னைத் தட்டி, 'போ-காட்டா!' என்று கத்தினான். பிமல்தா, "தோத்துட்டேன்டா, லிமிடெட்தான்" என்று சொல்ல, எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.

அந்த வாரமே இருவரும் வந்து, என் மேசையில் உட்கார்ந்து, பெயர், அப்பா பெயர், விலாசம், தொழில் எல்லாம் தங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. அப்பாவின் முகத்தைத் தினமும் எதிர்வாசலில் பார்க்கிற மனிதர், அந்த விஷயத்தைப் போய் ஒரு காகிதப் பட்டத்தில் கட்டி விடுவாரா? அதுவும் சிவராமனிடம் தோற்பாரா? மாதக்கணக்காக நான் பேசியதெல்லாம் எங்கே போயிற்று? இதை நான் சிவராமனிடம் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க ஏன் சார் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீய? உங்க சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கை ராசின்னு ஒண்ணு உண்டுல்லா!"

அடி வாங்கின பிள்ளை

கம்பெனி மெதுவாகத்தான் வளர்ந்தது. பலகையில் லிமிடெட் என்று எழுதினார்கள். கதவு திறந்தே இருந்தது. எங்கள் தொழிலில் காகிதம் போய் கம்ப்யூட்டர் வந்தது. டைரக்டர்களுக்கு எண் வந்தது, மின் கையெழுத்து வந்தது. பிமல்தா அந்த மின் கையெழுத்து அடங்கிய சின்னக் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'என் கையெழுத்து இப்ப சலவைக்குக்கூடப் போகும்' என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சிவராமன் பயந்தது நடந்தது. ஒரு கப்பலின் வால்வு கடலில் கைவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரக்கு நாசம். வக்கீல் நோட்டீஸ் வந்தது. கம்பெனிக்கு ஒன்று, சிவராமனுக்குத் தனியாக ஒன்று. அந்த வாரம் அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது நிற்குமா என்று எனக்கே உதறல். நின்றது. கம்பெனி புதிதாக வாங்கிய லேத்தை விற்றது, கொஞ்ச காலம் வயிற்றைக் கட்டியது, கேட்டதில் நியாயமானதைக் கொடுத்தது. தனி நோட்டீஸ் செல்லாது என்று ஆயிற்று. லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டின் வாசல்படியை யாரும் மிதிக்கவில்லை. நான் போனபோது ஜெயலக்ஷ்மி காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இத்தனை வருஷமா அந்தக் கம்பெனி எனக்கு வெறும் பலகைதான் அண்ணா. இப்பதான் பாசம் வருது. நான் பெறாத ஒரு பிள்ளை எங்களுக்காகப் போய் அடி வாங்கிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

நூல் காயும் நேரம்

சமீபத்தில் ஒரு விஸ்வகர்மா பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாக, வேறு ஏதோ வேலையாகப் பட்டறைக்குப் போயிருந்தேன். பூஜையன்று போய்ச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, அதற்கு முந்தைய நாட்களில் நான் அங்கே போனதில்லை. முற்றத்தில் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே நூல் நூலாகக் கட்டிக் காயவைத்திருந்தது. பிமல்தா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, எதிராளியின் நூலை அறுக்கிற கண்ணாடித் தூள் பசையான மாஞ்சாவைத் தடவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது; கை நடுங்கவில்லை. ஒரு நூலுக்குக் கண்ணாடித் தூளை அள்ளிச் சேர்த்தார். அடுத்த நூலுக்குப் பேருக்குக் கொஞ்சம். ஏன் அப்படி என்று நிமாயிடம் கேட்டேன். "எல்லார் நூலுக்கும் தாதாதான் மாஞ்சா போடுவார். ஆரம்பத்திலேருந்தே அப்படித்தான், வேற யாரையும் தொட விட மாட்டார். யாருக்கு எவ்வளவு கண்ணாடிங்கறது அவர் இஷ்டம்" என்றான்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். 'நாமும் லிமிடெட் ஆகிறோம்' என்று தன் வாயால் அறிவித்திருந்தால், எதிர்வாசலில் நின்றவர்களின் பிள்ளைகள் பிமல்தாவை என்ன நினைத்திருப்பார்கள்? ஆட்டத்தில் தோற்றுவிட்டு வாக்கைக் காப்பாற்றுகிறவரைத் தூக்கிக்கொண்டுதான் ஆடுவார்கள். உள்ளே சிவராமன், புதிதாக வந்திருந்த ஒரு கப்பல் இன்ஜினீயரை உட்கார வைத்து, தன் கை ராசியின் கதையை ஆரம்பித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்த இடம் வந்தபோது இழுத்தும் காட்டினார். கேட்க வேண்டாம் என்று என்னால் முடிந்தவரை இருந்து பார்த்தேன். கல்கத்தா முழுக்க எத்தனையோ பேரிடம் முன்யோசனையோடு நடந்துகொள்ளச் சொல்லிச் சம்பாதித்தவன், அந்த நல்ல மனிதரின் ஒரே வெற்றியில் போய்க் கைவைக்கிறோமே என்ற யோசனைகூட இல்லாமல் கடைசியில் கேட்டேவிட்டேன்: "சிவராமன், அன்னிக்கு உங்க நூலுக்கு மாஞ்சா போட்டுக் கொடுத்தது யாரு?"